கிணறு கரிக்கும் முன்: ராமநாதபுரம் கடலோரத்தில் தை, மாசித் தோட்ட வேலைகள்

உச்சிப்புளி, பெரியபட்டினம், ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி என்று எங்கே இடம் வாங்கியிருந்தாலும், புதிதாகத் தோட்டம் போடுபவருக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பதுதான். ஆற்றுப் பாசனக்காரர்களுக்கு அது சரி. நம் பக்கம் ஆடியில் கிணறு அடியில் கிடக்கும். காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். இங்கே பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அந்த மழை விட்டுப்போன நல்ல தண்ணீர் பங்குனி வரை தாங்கினாலே பெரிய விஷயம். ஆகவே தை பிறந்ததிலிருந்து மாசி முடியும் வரை, அதாவது ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை, கையில் இருப்பது இரண்டே மாதம்.

எங்களுக்கு இதை வரிசையாகச் சொல்ல ஆளில்லை. ஒருவரிடம் உரம், இன்னொருவரிடம் வேலி, மூன்றாமவரிடம் பட்டா என்று கேட்டுக் கேட்டுச் சேர்ப்பதற்குள் ஒரு கோடை போய்விட்டது. உங்களுக்கு அந்தக் கோடையாவது மிஞ்சட்டும்.

1. முதலில் கிணற்றுத் தண்ணீர்

விதை வாங்கும் முன், எரு வாங்கும் முன், தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்குங்கள். பேனா அளவில் இருக்கும், சில நூறு ரூபாய்தான். காலையில் மோட்டார் போடுவதற்கு முன் ஒரு வாளி இறைத்து அளந்து பாருங்கள். அப்புறம் மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். இரண்டாவது எண் கூடியிருந்தால் உங்கள் கிணற்றின் குணம் தெரிந்துவிட்டது.

காரணம் எளிது. கடலோர மணலில் மழைத் தண்ணீர், அடியில் உள்ள உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. வேகமாக இழுத்தால் மேலே உள்ள நல்ல தண்ணீர் குறைந்து, அடியிலிருந்து உப்பு ஏறி வரும். அதனால் பெரிய மோட்டார் இங்கே லாபமில்லை. சின்ன மோட்டாராகப் போட்டு, காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் என்று எடுப்பதே நல்லது.

மீட்டரில் 450-க்குள் இருந்தால் எதையும் வளர்க்கலாம். 450-லிருந்து 2000 வரை என்றால் செடியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2000-க்கு மேல் போனால் உப்பைத் தாங்குகிறவை மட்டும்தான். வாரம் ஒரு முறை அளந்து சுவரிலோ காலண்டரிலோ எழுதி வையுங்கள். மாசி நடுவில் எண் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதை வைத்துத்தான் எத்தனை பாத்தி போடலாம் என்று முடிவெடுக்க முடியும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. "கிணறு சரியில்லை, முந்நூறு அடி போர் போட்டுவிடலாம்" என்று சொல்ல ஆள் வருவார்கள். கடலோரத்தில் ஆழம் போகப் போக நல்ல தண்ணீர் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பெரும்பாலும் உப்புதான் மிஞ்சும். தவிர, உங்கள் இடம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வந்தால் நிலத்தடி நீர் எடுப்பதற்கே கட்டுப்பாடு உண்டு. அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதை விசாரித்துவிடுங்கள்.

2. மண் மாதிரியும் தண்ணீர் மாதிரியும்

இதைத் தையிலேயே முடித்துவிட வேண்டும். எரு போட்ட பிறகு எடுத்த மாதிரி எருவின் கணக்கைத்தான் சொல்லும், மண்ணின் கணக்கைச் சொல்லாது.

காய்கறிக்கு என்றால் ஆங்கில 'வி' வடிவத்தில் 15 சென்டிமீட்டர் குழி வெட்டி, குழியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரு அங்குலக் கனத்துக்குச் சுரண்டி எடுங்கள். இப்படிப் பத்து இடத்தில் எடுத்து ஒன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கை ஒதுக்கி ஒதுக்கி, கடைசியில் அரைக் கிலோ மிஞ்சும்வரை குறைத்து, துணிப்பையில் போட வேண்டும். வரப்பு, மரத்தடி, எருக்குழிப் பக்கம் எடுக்கக் கூடாது. யூரியா சாக்கில் போட்டுக் கொண்டுபோகக் கூடாது. தண்ணீருக்கு, மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலைக் கழுவிப் பிடியுங்கள்.

மாவட்டத்தின் மண் பரிசோதனை நிலையம் பரமக்குடியில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் உங்கள் வட்டார வேளாண் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். பெயர், ஊர், சர்வே எண், அடுத்துப் பயிரிடப் போவது என்ன என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பையோடு வையுங்கள். அரசு நிலையத்தில் கட்டணம் மிகக் குறைவு. பஸ் செலவுதான் அதிகம். ராமநாதபுரத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. முடிவு கைக்கு வந்ததும் அங்கே போய் விளக்கம் கேட்கலாம்.

முடிவில் முதலில் பார்க்க வேண்டியது கார அமில நிலை, அதாவது பி.எச். எண். யாரைக் கேட்டாலும் "உப்பு மண்ணா, ஜிப்சம் போடு" என்பார்கள். 8.5-க்கு மேல் போன களர் மண்ணுக்குத்தான் ஜிப்சம். வெறும் உவர் மணலில் மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் காசுதான் கரையும். உவர் மணல் கேட்பது மட்கிய எருவும் நல்ல தண்ணீரும்.

3. ஈரம் இருக்கும்போதே கருவேலை

சீமைக் கருவேலைப் பிடுங்கத் தையைப் போல நல்ல மாதம் கிடையாது. மண்ணில் ஈரம் இருப்பதால் இளங்கன்று கையோடு வரும். பங்குனியில் கடப்பாறை போட்டாலும் அசையாது. பெரிய மரத்தைத் தரைமட்டத்தில் வெட்டினால் நாலு கிளையாகத் திரும்பி வரும். தூரோடு தோண்டி எடுக்க வேண்டும்.

மரம் நிறைய இருந்தால் கூலி கொடுத்து வெட்டாதீர்கள். இந்த மாவட்டத்தில் கரிமூட்டம் போடுகிறவர்கள் விறகுக்காகவே வெட்டி எடுத்துக்கொள்வார்கள். மரத்தின் பருமனைப் பொறுத்து உங்களுக்குப் பணமும் தருவார்கள். பேசும்போதே "தூர் பிடுங்கித் தர வேண்டும்" என்று பேசி, அதற்குப் பிறகு கைநீட்டுங்கள். வேண்டிய விறகு லாரியில் ஏறிய பிறகு தூரைப் பற்றிப் பேச யாரும் இருக்க மாட்டார்கள்.

ஜே.சி.பி. வைத்து இடத்தைச் சுத்தம் செய்கிறவர்கள் கவனிக்க: பனையில் கை வைக்கக் கூடாது. மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனை வெட்டக் கூடாது என்று 2021-இல் தமிழ்நாடு அரசு அறிவித்திருக்கிறது. டிரைவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. இடம் உங்களுடையது, பதில் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான்.

4. வேலி: பனை கழிக்கும் நேரம் பார்த்து

பதநீர் இறக்கும் பருவத்துக்கு முன்னால் பனையில் காய்ந்த ஓலையையும் மட்டையையும் கழிப்பார்கள். அப்போது தோப்பில் மலைபோல் குவிந்து கிடக்கும். வேலிக்கு ஓலை வாங்க அதுதான் நேரம். சித்திரையில் போய்க் கேட்டால் விலையும் ஏறியிருக்கும், நல்ல ஓலை வேறு இடத்துக்குப் போயிருக்கும்.

வேலி ஆட்டுக்காக மட்டும் அல்ல. இப்போது வாடைக்காற்று. சித்திரை, வைகாசியில் தென்மேற்கிலிருந்து கச்சான் கிளம்பினால் மணலும் உப்பும் சேர்ந்து வரும். வடகிழக்கில் ஒரு வரிசை, தென்மேற்கில் ஒரு வரிசை என்று மாசிக்குள் கட்டிவிடுங்கள். இடைவெளி விட்டு, காற்று வடிந்து வரும்படி கட்ட வேண்டும். காம்பவுண்டுச் சுவர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். சுவரில் மோதும் காற்று மேலே ஏறி, உள்பக்கம் சுழன்று விழும். சுவரை அடுத்த பாத்திதான் அதிகம் அடிபடும்.

விடியற்காலையில் வாடைப் பக்கம் பார்த்து நிற்கும் கத்திரி இலையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பனித்துளி காய்ந்த இடத்தில் விளிம்பு மட்டும் பழுப்பாகக் கருகியிருக்கும். நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். அது நோய் இல்லை. மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். நல்ல தண்ணீர் இருக்கும் வீடு என்றால் காலையில் இலைமேல் லேசாகத் தெளித்துக் கழுவிவிட்டால் போதும். சாயங்காலம் தெளித்தால் இரவெல்லாம் ஈரம் நின்று வேறு வம்பு வரும்.

பூவரசு, வேம்பு, சவுக்கு வைத்து உயிர்வேலி போட ஆசை இருந்தால் நல்லது, ஆனால் இப்போது வைக்காதீர்கள். தையில் நட்ட கன்றுக்கு ஆவணி வரை தண்ணீர் சுமக்க வேண்டும். புரட்டாசி கடைசியில் வைத்தால் மழையே பார்த்துக்கொள்ளும்.

5. எருவும் மூடாக்கும்

நெல் அறுப்பு முடிந்து வைக்கோல் வரும் காலம் இதுதான். உள்ளே திருவாடானைப் பக்கமோ ஆர்.எஸ். மங்கலம் பக்கமோ தெரிந்தவர் இருந்தால் சொல்லி வைத்து வாங்கிவிடுங்கள். கோடைக்கு மூடாக்குப் போட இதைவிட மலிவான பொருள் கிடைக்காது. பாத்தியில் நாலு விரல் கனத்துக்குப் போட்டால் தண்ணீர் பாதியாவது மிஞ்சும், மேலே உப்புப் பூப்பதும் குறையும். காற்றில் பறக்காமல் மேலே பனைமட்டையை வையுங்கள்.

அறுத்த வயலில் ஆட்டுக்கிடை போடுவதும் இந்த மாதங்களில்தான். ஆட்டுப்புழுக்கை அருமையான எரு. ஆனால் ஆடு சீமைக் கருவேல் நெற்றைத் தின்றிருக்கும். அந்த விதை சாணியோடு உயிரோடு வெளியே வரும். மட்கவைக்காமல் அப்படியே பாத்தியில் போட்டால் ஆடிக்குள் உங்கள் கத்திரிப் பாத்தி கருவேலங்காடு. குழியில் போட்டு, நனைத்து, நன்றாகச் சூடேறி அடங்கும் வரை விட்டுப் பிறகு போடுங்கள்.

தென்னைநார்க் கழிவு வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கட்டியாக வரும் அந்தக் கழிவிலேயே உப்பு இருக்கும். தொட்டியில் ஊறவைத்து, பிழிந்து, மூன்று நான்கு தண்ணீர் மாற்றுங்கள். கடைசித் தண்ணீரில் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். கரையொதுங்கும் கடல்பாசியும் அப்படித்தான்; மழையில் நனைந்தோ கழுவியோ உப்புப் போன பிறகுதான் எருக்குழிக்கு.

பாத்தி ஓரத்துக்கு அழகாக இருக்கிறதே என்று கடற்கரையில் கிடக்கும் பவளப்பாறைத் துண்டுகளை அள்ளி வராதீர்கள். பவளம் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. செத்துக் கிடந்தாலும் வைத்திருப்பது குற்றம். பழைய வீடுகளில் அந்தக் கல்லைப் பார்த்திருப்பீர்கள், அது அந்தக் காலம். கடல் மணலும் அப்படியே, அள்ளக் கூடாது. உப்பு மணலைத் தோட்டத்துக்குக் கொண்டுவருவது எப்படியும் வீண் வேலை.

6. கவாத்து: எதை வெட்டலாம், எதைத் தொடக் கூடாது

கையில் கத்தரிக்கோல் இருந்தால் எல்லாவற்றையும் வெட்டத் தோன்றும். பிச்சியை, அதாவது ஜாதிமல்லியை, ஜனவரி கடைசி வாரம் வெட்ட வேண்டும். குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசிதான் கணக்கு, தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு. தவறியிருந்தால் தை முதலிலேயே வெட்டிவிடுங்கள். தள்ளிப்போட்டால் பங்குனிப் பூ போய்விடும். வெட்டியதும் செடிக்குப் பத்துக் கிலோ மட்கிய எரு. தங்கச்சிமடம் பக்கம் மல்லிகை நாற்று எப்போதும் கண்ணில் படும். இப்போது வாங்கினால் கோடையில் காயும். ஆனிக்குப் பிறகு வாங்கி, மழைக்கு முன்னால் வேர் பிடிக்க வையுங்கள்.

முருங்கையை இப்போது தொடாதீர்கள். பூவெடுக்கும் நேரம். மழையில் வளர்ந்து நீட்டிக்கொண்டிருக்கிறதே என்று வெட்டினால் இந்த வருஷக் காய் அவ்வளவுதான். காய்ப்பு ஓய்ந்த பிறகு மூன்றடிக்கு வெட்டிக்கொள்ளலாம். மா இருந்தால் பூ நேரத்தில் தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். சாம்பல் நோய் வந்தால் நனையும் கந்தகம் லிட்டர் தண்ணீருக்கு இரண்டு கிராம் கலந்து அடியுங்கள்.

தென்னைக்கு வருஷத்து உரத்தில் இரண்டாம் பாதி மார்கழி, தையில்தான். ஐந்து வயது தாண்டிய மரத்துக்கு வருஷத்துக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ. அதில் பாதி இப்போது. தூரிலிருந்து ஆறடி வட்டத்தில், ஈரம் இருக்கும்போது போட்டுக் கொத்திவிட வேண்டும். மாசி கடைசியில் காய்ந்த மணலில் கொட்டுவது வீண்.

7. விதைப்பு

வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு, தண்டுக்கீரை, சுரை, பூசணி, வெள்ளரி, தர்பூசணி. தை பாதியிலிருந்து மாசி முதல் வாரம் வரை விதைத்துவிடலாம். கத்திரி வேண்டுமென்றால் நாற்றுக்கே ஒரு மாதம் போகும், ஆகவே தை முதல் வாரத்தில் நாற்றுவிட வேண்டும். பீன்ஸ், கேரட், வெங்காயம் எல்லாம் உப்புக்குச் சுருண்டுவிடும். தண்ணீர் 450-க்குள் இருந்தாலொழிய முயல வேண்டாம். எலுமிச்சையும் அந்த ரகம்தான். மரம் வைப்பதென்றால் சப்போட்டா, இலந்தை, நெல்லி தாங்கும். அதுவும் மழைக்காலத்தில் வையுங்கள்.

யூடியூபில் காட்டும் மேட்டுப்பாத்தி இங்கே வேண்டாம். மணல் மேடு ஒரு நாளில் காயும், உப்பெல்லாம் உச்சியில் வந்து உட்காரும். பள்ளமாகப் பாத்தி எடுங்கள். பார், அதாவது வரப்புபோல் நீள மேடு, போட்டால் உச்சியில் விதைக்காமல் சரிவில் விதையுங்கள். கொடிகளுக்கு ஒன்றரை அடிக் குழி, ஒரு கூடை எரு, நாலைந்து விதை. முளைத்ததும் நல்லதாக இரண்டை விட்டுவிட்டு மற்றதைக் களைந்துவிடுங்கள்.

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள். அந்தப் பனியில் கொடிகளின் இலைமேல் மாவு தூவினாற்போல் சாம்பல் நோய் வரும். அடியிலுள்ள இலைகளைக் கிள்ளி எரித்துவிடுங்கள், கொடியைப் பந்தலில் ஏற்றிக் காற்றாட விடுங்கள். மாமரத்துக்குச் சொன்ன கந்தகத்தை இங்கே அடிக்காதீர்கள், வெயில் ஏறினால் கொடி கருகும்.

குண்டு மிளகாய் வளர்க்கத்தான் பலருக்கும் ஆசை. 2023-இல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து ஆசை இன்னும் கூடியிருக்கிறது. அதற்கு விதைப்பு புரட்டாசியில். இப்போது நடப்பது பறிப்பு. களத்தில் காயும் பழத்தில் நல்ல சிவப்பாக, ஒரே அளவாக இருப்பதை அரைக் கிலோ கேட்டு வாங்கி, நிழலில் உலர்த்தி, விதையை எடுத்துச் சாம்பல் புரட்டி வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட் விதை தேடி அலைய வேண்டாம்.

8. தண்ணீர் விடுவது

உப்புத் தண்ணீரை இலைமேல் படும்படி ஹோசில் அடிக்கக் கூடாது. தூரில் மட்டும் விட வேண்டும். தினம் மேலாகத் தெளித்துவிட்டால் உப்பு வேர்ப்பக்கமே தங்கும். மண் முழுவதும் காயாமல் பார்த்துக்கொண்டு, இடையிடையே ஒரு முறை நிறைய விட்டு உப்பைக் கீழே தள்ளுங்கள்.

குழிக்கு நடுவில் மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, சுற்றிலும் விதைத்து, பானையில் மட்டும் தண்ணீர் ஊற்றுவது கொடிக் காய்கறிகளுக்கு அருமையாகப் பொருந்தும். கசிவது மெதுவாக இருப்பதால் கொஞ்சம் கரிக்கும் தண்ணீரிலும் செடி நிற்கும். மானாமதுரை பக்கத்தில்தானே இருக்கிறது; பூச்சும் பெயின்ட்டும் இல்லாத வெறும் பானையாகக் கேட்டு வாங்குங்கள். பெயின்ட் அடித்த பானை கசியாது. பானைக்கு மூடி போடாவிட்டால் கொசு வளரும்.

பங்குனியில் மீட்டர் 2000 தாண்டினால் மனதைத் தேற்றிக்கொண்டு கத்திரியையும் வெள்ளரியையும் விட்டுவிடுங்கள். இருக்கும் நல்ல தண்ணீர் மரக்கன்றுகளுக்கு. இரண்டையும் காப்பாற்றப் பார்த்தால் இரண்டும் போகும்.

9. மானியமும் காகிதங்களும்

சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம் உண்டு. உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். உழவன் செயலியிலும் பதிவு செய்யலாம். ஆதார், சிட்டா, அடங்கல், நில வரைபடம், வங்கிக் கணக்குப் புத்தக நகல், புகைப்படம், சிறு குறு விவசாயி சான்று, மண் மற்றும் தண்ணீர்ப் பரிசோதனை முடிவு. இவ்வளவும் ஒரு கோப்பில் இருந்தால் அலைச்சல் மிச்சம். சிட்டாவை வருவாய்த் துறை இணையதளத்தில் காசில்லாமல் எடுக்கலாம். சிறு குறு விவசாயி சான்றுக்கு இ-சேவை மையத்தில் மனுப் போட வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று மேசை தாண்டி வரும். எல்லாவற்றுக்கும் முன்னால் போட வேண்டியது இந்த மனுதான்.

புதியவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் பட்டாவில். கிரயப் பத்திரம் கையில் இருக்கும், பட்டா இன்னும் பழைய சொந்தக்காரர் பெயரில் இருக்கும். அல்லது நாலு பேர் கூட்டுப் பட்டாவாக இருக்கும். பெயர் மாறாமல் எந்த மானியமும் நகராது. வீட்டு மனையாகப் பிரித்து வாங்கிய இடத்துக்கு இந்தத் திட்டம் பொருந்தாது. அவர்கள் தோட்டக்கலைத் துறை அவ்வப்போது மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தொகுப்பைக் கேட்கலாம், அதற்கு ஆதார் போதும்.

நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. மாசியில் போனால் "இந்த வருஷ ஒதுக்கீடு முடிந்தது" என்பார்கள். முடிந்திருந்தாலும் கோப்பைத் தயார் செய்து வைத்து, ஏப்ரலில் முதல் ஆளாகப் பதிவு செய்யுங்கள். கம்பெனி ஆட்கள் வீட்டுக்கே வந்து "எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று அசல் ஆவணங்களைக் கேட்டால் கொடுக்க வேண்டாம். நகலில், எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.